லினக்ஸ் கர்னலின் நினைவக நிர்வாகத்தில் ரேஸ் கண்டிஷனைச் சரிசெய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சி மொழி தெரிந்து, மியூடெக்ஸ், ஸ்பின்லாக் எல்லாம் பழகி, கர்னலின் எம்எம் அடைவை (நினைவக நிர்வாகக் குறிமுறை இருக்கும் இடம்) திறந்து பார்த்து மலைத்துப்போனவர்களுக்காக இந்தப் பக்கம். எடுத்துக்காட்டுகள் எல்லாம் லினக்ஸில் உண்மையாகவே நடந்தவை.

நினைவக நிர்வாகத்தில் ரேஸ் ஏன் இவ்வளவு அதிகம்?

அங்கே தனக்கென்று எதுவும் கிடையாது என்பதால். ஒரு ப்ராசஸின் த்ரெட்கள் அத்தனையும் ஒரே பேஜ் டேபிளை (எந்த முகவரி நினைவகத்தின் எந்தப் பேஜைக் குறிக்கிறது என்னும் பட்டியல்) பகிர்ந்துகொள்கின்றன. ஒரு த்ரெட் பேஜ் ஃபால்ட்டின் (பேஜோ அனுமதியோ இல்லாததால் கர்னல் தலையிடும் நேரம்) நடுவில் இருக்கும்போது இன்னொன்று அதே முகவரியை மன்மேப் செய்யலாம், மூன்றாவது ஃபோர்க் செய்யலாம். கர்னலும் சும்மா இருப்பதில்லை. நினைவகம் குறைந்தால் கேஸ்வாப்டி பேஜ்களைப் பறிக்கும். காம்பாக்ஷன் அவற்றை இடம் மாற்றும். கேஹ்யூஜ்பேஜ்டி 4 கேபி பேஜ்கள் 512-ஐச் சேர்த்து 2 எம்பி பேஜ் ஒன்றாக்கும். போதாக்குறைக்கு வன்பொருளும் இதில் ஒரு பங்காளி. சிபியு தானாகவே பேஜ் டேபிளைப் படிக்கிறது. எக்ஸ்86-இல் அக்சஸ்டு (தொடப்பட்டது), டர்ட்டி (எழுதப்பட்டது) பிட்களைத் தானே எழுதவும் செய்கிறது. அது உங்கள் லாக் எதையும் கேட்டுக்கொண்டு வருவதில்லை.

எல்லா இடத்திலும் லாக் சரியாக எடுத்திருந்தால் ரேஸ் வராதுதானே?

வரும். டேட்டா ரேஸ் வேறு, ரேஸ் கண்டிஷன் வேறு. இரண்டு சிபியுக்கள் ஒரே மாறியை லாக் இல்லாமல் தொட்டு, அதில் ஒன்றாவது எழுதினால் அது டேட்டா ரேஸ். ஒவ்வொரு தொடுதலும் லாக்குக்குள் நடந்தும், இரண்டு தொடுதல்களுக்கு நடுவே லாக்கை விட்டுவிட்டதால் முதலில் பார்த்த உண்மை பிறகு பொய்யாகிவிட்டால், அது ரேஸ் கண்டிஷன். எம்எம் அடைவில் மிகப் பெரிய சேதத்தை உண்டாக்கியவை பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான்.

எடுத்துக்காட்டு ஒன்று வேண்டும்.

டர்ட்டி கவ். சிவிஇ (பாதுகாப்புக் குறைகளுக்கான பொதுப் பட்டியல்) எண் 2016-5195. இதை முழுவதுமாகப் புரிந்துகொண்டால் மற்றதில் பாதி தானாக விளங்கிவிடும். அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஒரு கோப்பைப் படிக்க மட்டும் அனுமதியுடன், பிரைவேட் மேப்பிங்காக மேப் செய்கிறீர்கள். அந்த முகவரியில் நேரடியாக எழுதினால் செக்மென்டேஷன் ஃபால்ட். ஆனால் டீபக்கர்களுக்காகக் கர்னல் ஒரு வழி வைத்திருக்கிறது: ப்ராக் அடைவில் உள்ள மெம் கோப்பு வழியாகவோ பிட்ரேஸ் வழியாகவோ எழுதினால், அனுமதி இல்லாத இடத்திலும் எழுதலாம். அசல் கோப்பு கெடாமலிருக்க, முதலில் அந்தப் பேஜுக்கு ஒரு தனி நகல் எடுத்து, எழுத்து அந்த நகலில் போகும். காப்பி ஆன் ரைட் என்பது இதுதான்.

கர்னலுக்குள் இது ஒரு லூப். பேஜைத் தேடு, கிடைக்காவிட்டால் ஃபால்ட் நடத்து, மறுபடி தேடு. ஃபால்ட் நகலை எடுத்துவிடும். ஆனால் மேப்பிங் படிக்க மட்டுமானது என்பதால் நகலின் பேஜ் டேபிள் பதிவில் எழுத்து அனுமதி இருக்காது. மறுபடி 'எழுதத்தக்க பேஜ் வேண்டும்' என்று தேடினால் லூப் முடியவே முடியாது. அதற்குப் பழைய குறிமுறை செய்த உபாயம்: நகல் எடுத்தாயிற்று, இனி 'எழுத வேண்டும்' என்ற கொடியைக் கோரிக்கையிலிருந்து நீக்கிவிடலாம்.

பிழை இந்த இடத்தில்தான். கொடியை நீக்கியதற்கும் மறுபடி தேடுவதற்கும் நடுவில் இன்னொரு த்ரெட் எம்அட்வைஸ் அழைப்பின் மூலம் 'இந்தப் பேஜ் எனக்கு வேண்டாம்' என்கிறது. நகல் போய்விடுகிறது. தேடல் தோற்று, மறுபடி ஃபால்ட். ஆனால் இப்போது கோரிக்கையில் எழுத்துக் கொடி இல்லை. வெறும் படிப்பு என்று நினைத்துக் கர்னல் பேஜ் கேஷில் (கோப்புகளின் உள்ளடக்கத்தைக் கர்னல் நினைவகத்தில் வைத்திருக்கும் இடம்) இருக்கும் அசல் பேஜையே மேப் செய்கிறது. அடுத்த தேடல் அதைத் திருப்பித் தருகிறது. கர்னல் அதில் எழுதுகிறது. ரூட்டுக்குச் சொந்தமான கோப்பைச் சாதாரணப் பயனர் மாற்றிவிட்டார்.

இரண்டு தரப்பும் எம்மேப் லாக்கை (ஒரு ப்ராசஸின் முகவரி வெளியைக் காக்கும் லாக்) எடுத்திருந்தன என்பதைக் கவனியுங்கள். இரண்டுமே படிப்பு லாக்காக எடுத்ததால் ஒன்றையொன்று தடுக்கவில்லை. பேஜ் டேபிள் லாக்கும் ஒவ்வொரு முறையும் ஒழுங்காக எடுத்து விடப்பட்டது. டேட்டா ரேஸ் தேடும் கருவிகள் இதில் குறை சொல்ல எதையும் கண்டிருக்காது.

குறைந்தது 2.6.22 காலத்திலிருந்து, அதாவது 2007 முதலாவது, இது எல்லாக் கர்னல்களிலும் இருந்தது. 2016 அக்டோபரில் வெளியே வந்தது. தன் சர்வருக்கு வந்த நெட்வொர்க் போக்குவரத்தைப் பதிவு செய்து வைத்திருந்த பில் ஓஸ்டர், நடந்த ஒரு தாக்குதலில் இருந்தே இதைப் பிடித்தார்.

இப்படி ஒரு பிழை முன்பே யார் கண்ணிலும் படவில்லையா?

பட்டது. லினஸ் டோர்வால்ட்ஸே 2005-இல் ஒரு திருத்தம் போட்டார். அது ஐபிஎம்மின் எஸ்390 இயந்திரங்களில் சிக்கல் தந்ததால் திரும்பப் பெறப்பட்டது. அங்கே அப்போது டர்ட்டி பிட் பேஜ் டேபிள் பதிவில் இருக்கவில்லை. 2016-இன் பேட்ச் குறிப்பில் இதை அவரே எழுதியிருக்கிறார்: தன் பழைய திருத்தம் மோசமாகச் செய்யப்பட்டது என்றும், அன்று ஏட்டளவில் மட்டும் இருந்த ரேஸ் கர்னலின் இணைச்செயல் திறன் கூடக்கூட எளிதில் நிகழக்கூடியதாகிவிட்டது என்றும். 'இந்த இடைவெளி மிகச் சிறியது, நடக்காது' என்று ஒருவர் உங்களிடம் வாதிட்டால் இந்தக் குறிப்பைக் காட்டுங்கள். இடைவெளி சிறியது என்பது இன்றைய இயந்திரத்தின் குணம். குறிமுறையின் குணம் அல்ல.

2016-இன் திருத்தம் என்ன? அதோடு முடிந்ததா?

எழுத்துக் கொடியை நீக்குவதை நிறுத்தினார்கள். அதற்குப் பதிலாக 'நகல் எடுத்தாயிற்று' என்று சொல்ல ஃபோல் கவ் என்ற புதுக் கொடி வந்தது. அந்தக் கொடி இருந்து, பேஜ் டேபிள் பதிவில் டர்ட்டி பிட்டும் இருந்தால் மட்டும், எழுத்து அனுமதி இல்லாத பேஜையும் எழுதக் கொடுக்கலாம். நகல் நடுவில் பறிபோயிருந்தால் டர்ட்டி பிட் இருக்காது. லூப் மறுபடி ஃபால்ட்டுக்குப் போகும்.

நல்ல திருத்தம்தான். ஆனால் அதில் ஒரு கடன் மிச்சமிருந்தது. கர்னலுக்குத் தெரிய வேண்டியது 'இது என் தனி நகலா?' என்பது. அது கேட்டதோ 'இதில் டர்ட்டி பிட் இருக்கிறதா?' என்று. அன்றைக்கு இரண்டும் ஒன்றாக இருந்தன. நாளைக்கும் ஒன்றாகவே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் எங்கும் எழுதப்படவில்லை.

2017-இல் முதல் விரிசல். 2 எம்பி பேஜ்களைத் தொடும்போது, படிப்புக்காகத் தொட்டாலும்கூட, டர்ட்டி பிட்டைப் போட்டுவிடும் ஒரு இடம் இருந்தது. அதன் வழியாக எல்லாரும் பகிரும் பெரிய பூஜ்யப் பேஜில் எழுத முடிந்தது. சிவிஇ 2017-1000405. 2022-இல் இரண்டாவது விரிசல், சிவிஇ 2022-2590. 5.16 கர்னலில் வந்த ஒரு மாற்றத்தால், யூசர்ஃபால்ட்எஃப்டி (பேஜ் ஃபால்ட்டைப் பயனர் நிரலே கையாள விடும் வசதி) வழியாக டிஎம்பிஎஃப்எஸ் (நினைவகத்திலேயே இருக்கும் கோப்பு முறைமை) பேஜ்களைப் படிக்க மட்டும் மேப் செய்தாலும் டர்ட்டி பிட் வந்துவிட்டது. டர்ட்டி கவ் மறுபடி உயிர்பெற்றது, இம்முறை டிஎம்பிஎஃப்எஸ் கோப்புகளுக்கு.

அந்த மாற்றத்தை எழுதியவரைக் குறை சொல்ல மாட்டேன். டர்ட்டி பிட்டைப் போடுவதால் ஒரு பாதுகாப்புச் சோதனை உடையும் என்று அவர் எங்கிருந்து தெரிந்துகொள்வார்? பிறகு டேவிட் ஹில்டன்பிராண்ட் செய்த திருத்தம்தான் கடனை அடைத்தது. 5.19-இல் அவர் கொண்டுவந்திருந்த 'இந்த அனானிமஸ் பேஜ் (கோப்பு எதையும் சாராதது) இந்த ஒரு ப்ராசஸுக்கு மட்டும் உரியது' என்னும் குறியை நேரடியாகச் சோதித்து, ஃபோல் கவ் கொடியையே நீக்கிவிட்டார். ஒரு ரேஸுக்குத் திருத்தம் எழுதும்போது என்னிடம் யாராவது ஒரே ஒரு அறிவுரை கேட்டால் இதைத்தான் சொல்வேன்: உங்களுக்கு எந்த உண்மை தேவையோ அதையே பதிவு செய்து அதையே சோதியுங்கள். அதோடு இன்றைக்குச் சேர்ந்து வருகிற அடையாளத்தை நம்பாதீர்கள்.

லாக்கை விட்டுவிட்டு மறுபடி எடுக்க வேண்டிய கட்டாயம் வந்தால்?

அது அடிக்கடி வரும். ஸ்பின்லாக்கைப் பிடித்துக்கொண்டு தூங்கக் கூடாது. நினைவகம் ஒதுக்கும்போது தூக்கம் வரலாம். அனானிமஸ் பேஜுக்கான ஃபால்ட்டைப் பாருங்கள். புதுப் பேஜை லாக் இல்லாமல் முதலில் ஒதுக்கி, பூஜ்யமாக்கி வைத்துக்கொள்கிறது. அதன்பின் பேஜ் டேபிள் லாக்கை எடுக்கிறது. எடுத்தவுடன் எழுதிவிடுவதில்லை, அந்தப் பதிவு இன்னும் காலியாகத்தான் இருக்கிறதா என்று மறுபடி பார்க்கிறது. இன்னொரு த்ரெட் முந்திக்கொண்டிருந்தால், கையிலிருக்கும் பேஜைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேறுகிறது. அது தோல்வி அல்ல. வேலையை வேறொருவர் முடித்துவிட்டார், அவ்வளவே.

காப்பி ஆன் ரைட் பாதையிலும் இதே உத்திதான். தொடக்கத்தில் படித்த பதிவை ஒரு மாறியில் வைத்திருந்து, லாக்குக்குள் வந்தபின் இப்போதைய பதிவோடு ஒப்பிடும். ஒரு பிட் மாறியிருந்தாலும் கைவிடும். இந்த ஒப்பீட்டை 'தேவையற்ற சோதனை' என்று யாராவது நீக்க வந்தால், பேட்சை அங்கேயே நிறுத்துங்கள்.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பேஜ் விடுவிக்கப்பட்டால் என்ன செய்வது?

முதலில் பிடித்துக்கொள்ள வேண்டும், பிடித்தபின் மறுபடி பார்க்க வேண்டும். லாக்கே எடுக்காத ஜியுபி ஃபாஸ்ட் (பயனரின் பேஜ்களைக் கர்னல் பிடித்துக்கொள்ளும் வேகமான வழி) பாதை இதற்கு அழகான மாதிரி. இன்டரப்டை நிறுத்திவிட்டுப் பேஜ் டேபிளைப் படிக்கிறது. அதில் கண்ட பேஜின் ரெஃப்கவுண்டைக் கூட்ட முயல்கிறது. கவுண்ட் ஏற்கெனவே பூஜ்யம் என்றால் முயற்சி தோற்கும். வென்றாலும் நம்பிவிடுவதில்லை. பேஜ் டேபிள் பதிவை இன்னொரு முறை படிக்கிறது. மாறியிருந்தால் ரெஃபரன்ஸை விட்டுவிட்டு லாக் எடுக்கும் மெதுவான பாதைக்குப் போகிறது. ஏனென்றால் படித்ததற்கும் பிடித்ததற்கும் நடுவில் அந்தப் பேஜ் விடுவிக்கப்பட்டு வேறு யாருக்கோ ஒதுக்கப்பட்டிருக்கலாம். அப்போது நீங்கள் பத்திரமாகப் பிடித்திருப்பது அடுத்தவருடைய பேஜ்.

லாக் இல்லாமல் படிக்க விடும் ஆர்சியு முறைக்கும் இதே எச்சரிக்கை உண்டு. ஒரு பொருள் உடனே மறைந்துவிடாது என்பதை மட்டும் அது உறுதி செய்கிறது. அது இன்னும் செல்லுபடியாகும் பொருள்தானா என்பதை நீங்கள்தான் சோதிக்க வேண்டும். அனான் விஎம்ஏ (அனானிமஸ் பேஜ் எங்கெங்கே மேப் ஆகியிருக்கிறது என்று தேட உதவும் அமைப்பு) போன்றவை ஆர்சியு காலத்துக்குள்ளேயே அதே வகைப் பொருளாக மறுபயன்பாட்டுக்கு வந்துவிடக்கூடியவை.

பேசாமல் எம்மேப் லாக்கை எழுத்து லாக்காக எடுத்துவிட்டால் போதாதா?

சில சமயம் அதுவே சரியான விடை. 2023-இன் ஸ்டேக்ராட், சிவிஇ 2023-3269, அப்படிப்பட்டது. ஸ்டேக் வளரும்போது கர்னல் எம்மேப் லாக்கைப் படிப்பு லாக்காக மட்டுமே வைத்திருந்தது. விஎம்ஏக்கள் (ஒவ்வொன்றும் ஒரு முகவரிப் பகுதியைக் குறிக்கும்) ரெட் பிளாக் மரத்தில் இருந்த காலத்தில் அது தாக்குப்பிடித்தது. ஓர் எல்லை எண்ணை அதே இடத்தில் மாற்றினால் போதும். 6.1-இல் அவை மேப்பிள் ட்ரீக்கு மாறின. அதில் எல்லையை மாற்றினால் ஒரு கணுவே புதிதாக உருவாகிப் பழையது ஆர்சியு வழியாக விடுவிக்கப்படலாம். அதே மரத்தைப் படிப்பு லாக்கோடு படித்துக்கொண்டிருக்கும் இன்னொரு த்ரெட் விடுவிக்கப்பட்ட கணுவில் நிற்கும். பீக்கிங் பல்கலைக்கழகத்தின் ருய்ஹான் லி இதைக் கண்டுபிடித்தார். ஸ்டேக்கை வளர்க்கும் பாதைகள் எழுத்து லாக்குக்கு மாற்றப்பட்டு, 6.1.37, 6.3.11, 6.4.1 வெளியீடுகளில் திருத்தம் சேர்ந்தது.

ஆனால் பேஜ் ஃபால்ட் மாதிரி நொடிக்கு எத்தனையோ முறை ஓடும் பாதையில் எழுத்து லாக் போட்டால், பல த்ரெட் உள்ள நிரல்கள் வரிசையில் நின்று தவிக்கும். படிப்பு லாக்கே பாரமாக இருக்கிறது என்றுதான் சுரேன் பக்தசார்யானின் விஎம்ஏவுக்கு ஒரு லாக் என்ற ஏற்பாடு 6.4-இல் வந்தது. வந்த உடனே அதுவும் ஒரு ரேஸைத் திறந்துவிட்டது. ஃபோர்க் செய்யும்போது எம்மேப் எழுத்து லாக் இருந்தால் ஃபால்ட் எதுவும் நடக்காது என்பது பழைய நம்பிக்கை. புது ஃபால்ட் பாதை அந்த லாக்கையே எடுப்பதில்லை. நினைவகம் கெட்டு நிரல்கள் விழுந்தன. 6.4 வரிசையில் வசதியை முதலில் அணைத்தார்கள். ஃபோர்க்கின்போது தாய் ப்ராசஸின் விஎம்ஏக்களையும் லாக் செய்வதே திருத்தமானது.

இரண்டு கதையிலும் பழைய குறிமுறை ஒரு வரிகூட மாறவில்லை. அது நின்றிருந்த தரைதான் மாறியது. லாக்கின் பொருளை மாற்றும் பேட்சை ரிவ்யூ செய்யும்போது டிஃப்பில் இல்லாத கோப்புகளைத் தேடிப் படிப்பது அதனால்தான் அவசியம்.

பேஜ் டேபிளைச் சரியாக மாற்றிவிட்டேன். இன்னும் என்ன?

டிஎல்பி, அதாவது பேஜ் டேபிள் பதிவுகளைச் சிபியு தனக்குள் வைத்திருக்கும் கேஷ். பேஜ் டேபிளில் அழித்த பதிவு சிபியுவின் டிஎல்பியில் உயிரோடு இருக்கலாம். 2018-இல் கூகுள் ப்ராஜெக்ட் ஜீரோவின் யான் ஹார்ன் கண்ட சிவிஇ 2018-18281 இதுதான். எம்ரீமேப் பேஜ்களைப் புது முகவரிக்கு நகர்த்தி, பேஜ் டேபிள் லாக்கை விட்டபின் டிஎல்பியைத் துடைத்தது. நடுவில் இன்னொரு சிபியு அந்தக் கோப்பை எஃப்ட்ரங்கேட் செய்து பேஜை விடுவித்தால், பழைய முகவரியின் டிஎல்பி பதிவு வழியாக விடுவிக்கப்பட்ட பேஜை இன்னும் தொட முடிந்தது. லாக்கை விடும் முன்பே துடைப்பது திருத்தம்.

ரீட் ஒன்ஸ், ரைட் ஒன்ஸ் மேக்ரோக்களைச் சேர்த்தால் ரேஸ் போய்விடுமா?

போகாது. கம்பைலர் ஒரே மதிப்பை இரண்டு முறை படிப்பதையும் துண்டாகப் படிப்பதையும் அவை தடுக்கும். அதற்கு அவை கட்டாயம் தேவை. கருவி தந்த எச்சரிக்கையை மௌனமாக்க மட்டும் அவற்றைச் சேர்ப்பது உண்மையான பிழையை மூடிமறைக்கும்.

எப்போதாவது ஒருமுறை மட்டும் வரும் ரேஸை எப்படி மீண்டும் வரவைப்பது?

இடைவெளியை நீங்களே அகலமாக்குங்கள். சந்தேகப்படும் இரண்டு வரிகளுக்கு நடுவில் சில மில்லிசெகண்ட் தாமதத்தைச் செருகி, கியூஇஎம்யு மெய்நிகர் இயந்திரத்தில் பல விசிபியுக்களோடு ஓட்டினால் பல ரேஸ்கள் உடனே தலைகாட்டும். ஸ்பின்லாக்குக்குள் என்றால் தூங்காத எம்டிலே தான் வேண்டும். தாமதம் போட்டும் வரவில்லை என்றால், உங்கள் ஊகம் தப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். வேறு இடம் பாருங்கள்.

பயனர் பக்கத்திலிருந்தே கர்னலை நிறுத்தவும் வழி உண்டு. கர்னல் பயனர் நினைவகத்தைத் தொடும் இடத்தில் யூசர்ஃபால்ட்எஃப்டியோ ஃப்யூஸ் (பயனர் நிரலே நடத்தும் கோப்பு முறைமை) கோப்போ வைத்தால், நீங்கள் விடும்வரை அது காத்திருக்கும். தாக்குபவர்களும் இதையே விரும்பியதால், 5.11 முதல் சிறப்பு உரிமை இல்லாத பயனர்கள் கர்னலுக்குள் நிகழும் ஃபால்ட்களை யூசர்ஃபால்ட்எஃப்டியால் பிடிக்க முடியாதபடி இயல்பு அமைப்பு மாற்றப்பட்டது.

எந்தக் கருவியை எதற்குப் பயன்படுத்துவது?

விடுவித்த நினைவகத்தைத் தொட்டால் கேசான் சொல்லும். லாக் வரிசை தவறினால் லாக்டெப் சொல்லும். டெட்லாக் உண்மையில் நடக்கவே வேண்டாம், நடக்கக்கூடிய வரிசை ஒருமுறை தென்பட்டாலே போதும். புது லாக் ஒன்றைச் சேர்க்கும் முன் எம்எம் அடைவின் ஆர்மேப் கோப்பின் தலையில் உள்ள லாக் வரிசைக் குறிப்பைப் படியுங்கள்.

டேட்டா ரேஸுக்குக் கேசிசான், 5.8 முதல் கர்னலிலேயே இருக்கிறது. அது சில நினைவகத் தொடுதல்களை மட்டும் தேர்ந்தெடுத்து, அந்த முகவரியில் ஒரு காவலை வைத்து, த்ரெட்டைச் சிறிது நேரம் நிறுத்துகிறது; இயல்பாக 80 மைக்ரோசெகண்ட். அதற்குள் இன்னொரு சிபியு அங்கே வந்தால் இரண்டின் ஸ்டேக்கையும் அச்சிடும். சிஸ்காலர் என்னும் தானியங்கிச் சோதனைக் கருவி இவை அனைத்தையும் இயக்கி, சிஸ்டம் கால்களைத் தாறுமாறாகக் கோத்து அடிக்கிறது. இவ்வளவு இருந்தும், டர்ட்டி கவ் போன்ற தர்க்க ரேஸுக்குத் தனிச் சோதனை எழுதித்தான் ஆக வேண்டும். கர்னலின் செல்ஃப்டெஸ்ட் அடைவில் காப்பி ஆன் ரைட்டுக்கென்றே ஒரு நிரல் இருக்கிறது. எழுதத் தொடங்கும் முன் அதைப் பாருங்கள்.

எக்ஸ்86-இல் ஓட்டிப் பார்த்தேன், சரியாக இருக்கிறது. அனுப்பலாமா?

ஆர்ம்64-இலும் ஓட்டுங்கள். எக்ஸ்86-இல் ஒரு சிபியு செய்த இரண்டு எழுத்துகள் மற்ற சிபியுக்களுக்கு வரிசை மாறாமல்தான் தெரியும். ஆர்மில் அந்த உறுதி இல்லை. பேஜைப் பூஜ்யமாக்கியதற்கும் அதை மேப் செய்ததற்கும் நடுவில் பேரியர் (எழுத்துகளின் வரிசையைக் காக்கும் கட்டளை) விட்டுப்போனால், இன்னொரு சிபியு பழைய குப்பையைப் பார்க்க முடியும்.

பேட்ச் குறிப்பில் என்ன எழுத வேண்டும்?

இரண்டு பத்திகளாக, இடப்பக்கம் சிபியு 0, வலப்பக்கம் சிபியு 1 என்று போட்டு, எந்த வரிக்குப் பின் எந்த வரி ஓடினால் உடைகிறது என்பதை மேலிருந்து கீழாக எழுதுங்கள். அதை எழுத முடியவில்லை என்றால் பிழையை நீங்கள் இன்னும் புரிந்துகொள்ளவில்லை; பேட்சை அனுப்ப வேண்டாம். பயனருக்கு என்ன கேடு என்பதையும் சொல்லுங்கள். நினைவக நிர்வாகப் பேட்ச்களைச் சேர்க்கும் ஆண்ட்ரூ மார்டன் அதை அடிக்கடி கேட்பார். பிழை எந்தக் கமிட்டில் நுழைந்ததோ அதன் ஹாஷில் 12 எழுத்துகளோடு ஃபிக்ஸஸ் வரி வேண்டும். பழைய கர்னல்களுக்கும் தேவை என்றால் ஸ்டேபிள் குழுவுக்கு ஒரு சிசி வரி. குறிமுறையிலேயே, மறுசோதனைக்கு மேலே, யாரோடு ரேஸ் வரும் என்பதைக் கமென்ட்டாக எழுதுங்கள். 'ரேஸைத் தடுக்க' என்று மட்டும் எழுதினால் ஐந்து வருடம் கழித்துப் படிப்பவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

பாதுகாப்புப் பிழை என்று தோன்றினால் பேட்சை நேரடியாகப் பொதுவில் அனுப்பலாமா?

வேண்டாம். முதலில் கர்னலின் பாதுகாப்புக் குழுவுக்குத் தனி அஞ்சலில் எழுதுங்கள். ஸ்டேக்ராட் 2023 ஜூன் 15 அன்று அப்படித்தான் தெரிவிக்கப்பட்டது. திருத்தங்கள் ஸ்டேபிள் வெளியீடுகளில் சேர்ந்தபின் ஜூலை 5 அன்று விவரம் பொதுவுக்கு வந்தது. பழைய கர்னலுக்கு எடுத்துச் செல்லும்போது பேட்ச் சண்டையில்லாமல் ஒட்டிக்கொண்டாலும் நம்பிவிடாதீர்கள். 6.1-க்கு முந்தைய கிளையில் மேப்பிள் ட்ரீ இல்லை, 6.4-க்கு முந்தையதில் விஎம்ஏ லாக் இல்லை. அந்தக் கிளையில் எந்த லாக் எதைக் காக்கிறது என்று முதலிலிருந்து படித்து, அங்கேயும் அதே தாமதத்தைச் செருகி, உடைவதையும் பிறகு உடையாததையும் கண்ணால் பார்த்த பின் அனுப்புங்கள்.